ஈரம் காயாத அட்டை

முள்ளுக் கத்தரிக்காயின் பச்சைத் தொப்பியை
முழுசாகக் கழற்றி
சாயத்தில் தொட்டு அழுத்தினால்
ஐந்து முனையோடு ஒரு நட்சத்திரம்.
சாம்பாருக்கு அரியும்போது கண்டுபிடித்தது.
காய் குழம்புக்குப் போயிற்று,
நட்சத்திரம் எனக்கு.

வெண்டைக்காயில் பூ விழும்.
அதை எல்லோரும் செய்வார்கள்.

'வாழ்த்து' மட்டும் ரப்பரில் வெட்டினேன்.
கண்ணாடியில் பார்ப்பதுபோல்
எழுத்தை இடம்வலம் மாற்றிச் செதுக்க வேண்டும்.
பாதிப் பேர் வாயில் நுழையாத ழ
என் பிளேடுக்கும் நுழையவில்லை.
மூன்று ரப்பர் போனது.
நான்காவதில் வால் கொஞ்சம் உடைந்தும்
ழ என்றே தெரிந்தது,
தெரிந்தவர்களுக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரம்,
தோட்டப்பாளையத்தில் ஒன்பது அறை.
வாடகை நாள் கணக்கு.
சமையலுக்கு ஸ்டவ் தனி, பாத்திரம் தனி.
டிசம்பர் இருபத்தைந்துக்கு
ஊருக்குப் போக முடியாதவர்கள்தான்
என் வீட்டில் இருப்பார்கள்.
அதனால் ஒன்பது அட்டை.
எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று
லெட்ஜரில் பத்தி கிடையாது.

தாளை முதலில் ஸ்பாஞ்சால் நனைக்க வேண்டும்.
பலகையைச் சாய்த்து வைத்து
மேலிருந்து நீலம்.
பாதி வழியில் கையை எடுத்துவிட வேண்டும்,
மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.
வானத்தில் பனி வேண்டுமென்றால்
ஈரத்தில் கல்லுப்பு தூவச் சொல்வார்கள்.
எங்கள் போர் தண்ணீருக்கு அது தனியாக வேண்டாம்.
காய்ந்தால் தானாகவே
வெள்ளை பூத்துவிடும்,
பக்கெட்டில் பூப்பதுபோல.

மே மாதமென்றால்
பிரஷ் திரும்பி வருவதற்குள் காய்ந்திருக்கும்.
இது மார்கழி. மூன்று நாளாகத் தூறல்.
ஒன்பது வானமும்
சாப்பாட்டு மேசையில் பிசுபிசுத்துக் கிடந்தன.
நாங்கள் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

ஆறாம் அறை அனிமேஷ்
வெந்நீர் வரவில்லை என்று சொல்ல வந்தான்.
சொன்னான்.
போகாமல் நின்றான்.
மால்டாவில் மாம்பழ மண்டியில் கணக்கெழுதுகிறவன்.
எழுபது நாளாக
மனைவியின் ஃபைலைத் தவிர
அவன் கையில் நான் ஒன்றும் பார்த்ததில்லை.

"இது தூண்டில் முள்ளா?" என்றான், ழ-வைக் காட்டி.
எட்டு வருஷமாக வாடகை கேட்டுக் கேட்டே
கற்றுக்கொண்ட என் இந்தியில்
எழுத்து என்று சொல்லத் தெரிந்தது.
எந்த எழுத்து என்று சொல்லத் தெரியவில்லை.
கத்தரித் தொப்பியை நீட்டினேன்.
அழுத்தினான், ரொம்ப.
முள் தாளைக் கிழித்தது.
அடுத்ததில் பயந்து லேசாக வைத்தான்,
மூன்று முனைதான் விழுந்தது.
"மீதி மேகத்துக்குள்ளே" என்றேன்.
அன்று முதல்முறையாக
அவன் பல்லைப் பார்த்தேன்.
முன்பல் ஒன்று சற்றே மடங்கியது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆட்டோ.
முந்தின நாள் மாலைதான்
டாக்டர் போகச் சொல்லியிருக்கிறார்.
காட்பாடியில் தட்கல் கிடைத்துவிட்டது, இரண்டு பேருக்கும்.
தலையில் கம்பளிக் குல்லாவோடு
மிதாலி முதலில் ஏறி உட்கார்ந்தாள்,
ஜன்னல் பக்கத்தை யாரோ பிடித்துவிடுவார்கள் என்பதுபோல.

அட்டையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்.
பரவாயில்லையென்று நீட்டினேன்.
உள்ளே ஒன்றும் எழுதவில்லை.
என்ன எழுதுவது?
'மீண்டும் வருக' என்று
லாட்ஜ்காரி ஒருத்தி எழுதலாமா?

அவனே சொன்னான்:
"ஆறு மாசம் கழிச்சு வந்தா போதுமாம்."
அவ்வளவு நல்ல வாழ்த்தை
நான் எந்த ரப்பரிலும் வெட்டியதில்லை.

கைக்குட்டை வைப்பதுபோல
அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.
வெள்ளைச் சட்டை. சொல்வதற்குள் ஆட்டோ நகர்ந்தது.
முனைமுக்கில் திரும்பும்போது
கையாட்ட எட்டிப் பார்த்தான்.
பையின்மேல் நீலம் ஊறியிருந்தது.
அட்டையில் பாதி, சட்டையில் பாதி.

உள்ளே வந்து பார்த்தால்
மேசையில் எட்டு வானம்,
ஒன்று எடுத்த இடத்தில்
மரத்தின் மேல் ஒரு நீலக் கட்டம்.
ஈரத்துணியால் துடைத்தேன்.
முழுக்கப் போகவில்லை.
அதன்மேல்தான் இப்போது
கத்தரிக்காய் அரிகிறேன்.